வாவிக்கரை வயலின் – 6: கப்பலேறாத பாட்டு

மட்டக்களப்புக் கோட்டையில் சரணடைவதற்கான பேச்சு தொடங்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கடலில் ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்டின் கப்பல்கள் நின்றன. கரையில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படை நின்றது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கன்னொருவையில் போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோவின் சேனை அழிந்திருந்தது. உதவிக்கு யாரும் வரப்போவதில்லை என்பது புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1638 மே 18. கோட்டை கைமாறியது.

1628இல் கட்டிய கோட்டை பத்தே ஆண்டில் போனது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், அரசனும் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கோட்டைக்குள் இருந்த போர்த்துக்கேயரையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். 1643இல் ஒல்லாந்தர் இடத்தை அரசனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மீண்டும் வந்து காலூன்றியது 1660களில்.

இங்கேதான் நம் கதை சிக்கலாகிறது. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்தது பத்து ஆண்டு மட்டும். அவர்களும் நாகப்பட்டினம் போய்விட்டார்கள். அப்படியானால் 1970களில் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் போர்த்துக்கீச மொழியில் பாட்டுப் பாடி ஆடினார்களே, அந்தப் பாட்டு எந்தக் கப்பலில் திரும்பி வந்தது?

*

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தொடரின் நாயகன் ஓர் இசைக்குழு. அதற்குப் பெயர் கிடையாது. தொடங்கியவர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் இன்றும் மேடை ஏறுகிறது என்று உலகம் வியக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வயலின், ஒரு றபான், இரண்டு மூன்று குரல் என்று அமைந்த குழு தலைமுறைக்குத் தலைமுறை ஆள் மாறி, பாணி மாறி, மொழியும் மாறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருக்கிறது. 1602இல் இதே கரையில் இறங்கிய ஒல்லாந்தர் ஸ்பில்பெர்கன், வாத்தியம் வாசிக்கத் தெரிந்த தம் ஆட்கள் இருவரைக் கண்டி அரசனிடம் விட்டுச்சென்ற கதையை முன்னமே பார்த்தோம். அது அரண்மனைக் கதை. இனி வருவது வீட்டுக் கதை.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலானோர் தனி ஆண்கள். சிப்பாய், தச்சர், கொல்லர், கணக்கெழுதுபவர். கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்கள் கலியாணம் செய்தது, ஏற்கனவே ஒரு நூற்றாண்டாகப் போர்த்துக்கேயரோடு கலந்து வாழ்ந்த குடும்பத்துப் பெண்களை. அந்தப் பெண்கள் பேசியது போர்த்துக்கீசம். லிஸ்பனில் பேசிய போர்த்துக்கீசம் அன்று; கொச்சி முதல் மலாக்கா வரை ஆசியத் துறைமுகங்களில் எல்லாம் பழகிப்போன, இலக்கணம் இளகிய கிரியோல் போர்த்துக்கீசம். பிள்ளைக்குத் தகப்பனின் ஒல்லாந்துப் பெயர் வந்தது. தாலாட்டும் திட்டும் செபமும் பாட்டும் தாயின் மொழியில் வந்தன. மட்டக்களப்புப் பறங்கியரிடையே ரொசாய்ரோ என்ற போர்த்துக்கேயக் குடும்பப் பெயரும் அவுட்ஸ்கோர்ன் என்ற ஒல்லாந்துக் குடும்பப் பெயரும் ஒரே தேவாலயப் பதிவேட்டில் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒல்லாந்த அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. வென்றவர் நாம், தோற்றவன் மொழியா நம் வீட்டில் பேசப்படுவது என்று கொதித்தார்கள். ஒல்லாந்த மொழி தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆணையே போட்டார்கள். மொழிக்காக மொட்டையடித்த அரசு வேறெங்கும் இருந்ததா, அறியேன். ஆணை தோற்றது. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தபோது அவர்களுடைய வழித்தோன்றல்களே வீட்டில் போர்த்துக்கீசம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அந்தப் பாட்டு ஒரு படையோடும் வரவில்லை. ஒல்லாந்தர் கட்டிய புதிய கோட்டைக்கு வேலைக்கு வந்த ஆண்களின் மனைவிமார் அதைக் கொண்டுவந்தார்கள். படையெடுப்புகளைப் பற்றி ஏடு ஏடாக எழுதிய எவரும் அந்தப் பெண்களின் பெயர்களை எழுதவில்லை.

மெட்டு வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் அதன் தாளம்? அது ஐரோப்பாவில் பிறந்த தாளமே இல்லை.

*

போர்த்துக்கேயர் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்கர்களை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தரும் கொண்டுவந்தார்கள், பின்னர் ஆங்கிலேயரும். இலங்கைத் தமிழில் காப்பிரியர் என்று அறியப்பட்ட அந்த மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். மஞ்சா என்னும் தங்கள் பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். கோட்டைகளில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்களிடையே பாட்டு மட்டும் வேலி போட்டுக்கொண்டு இருக்குமா? போர்த்துக்கீச நாலடிப் பாட்டும் ஆபிரிக்கத் தாளமும் கலந்து பிறந்த ஆட்டப்பாட்டுத்தான் கபிரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியரின் அடையாளம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அது.

கபிரிஞ்ஞா எப்படி ஒலிக்கும் என்று சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்வது வீண். முதலில் வயலின் எழும். மெட்டு நீளமானதல்ல, சின்னஞ்சிறு வளைவு, உடனே திரும்பி வரும், மறுபடி அதே வளைவு. இரண்டாம் சுற்றில் றபான் சேரும். கிழக்கிலங்கையில் பக்கீர்மார் கையில் பார்த்திருப்பீர்களே, ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்திய அந்தக் கைப்பறையின் இனம்தான் இதுவும். இப்போது காதைக் கூர்மையாக்குங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு சிறு தட்டுகள். அவற்றை மூன்று மூன்றாக இரண்டு பங்கு என்று எண்ணலாம்; இரண்டிரண்டாக மூன்று பங்கு என்றும் எண்ணலாம். வயலின் ஒரு கணக்கில் போக, றபான் மறு கணக்கைக் கிள்ளிவிடும். கால் எந்தக் கணக்கைப் பிடிப்பது என்று தடுமாறும் அந்தக் கணத்தில்தான் இடுப்பு அசைகிறது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பும் வித்தை முழுதும் இந்த ஆறு தட்டுக்குள் இருக்கிறது. பின்னாளில் இலங்கை முழுவதையும் ஆட்டிவைத்த பைலாவின் தாளமும் இதே ஆறு தட்டுத்தான்.

பாட்டு நாலு நாலு அடியாக வரும். ஒருவர் ஒரு நாலடியை எடுத்துப் பாடுவார். எதிரில் நிற்பவர் அதற்குப் பதிலாக இன்னொரு நாலடியை அந்த இடத்திலேயே கட்டிப் போடுவார். காதல், கேலி, குடும்பச் சண்டை, கடற்பயணம், எதுவும் பொருளாகலாம். வல்லவர் இருவர் எதிரெதிரே நின்றால் பாட்டு எளிதில் முடியாது. இந்தப் போட்டிப் பாட்டை நினைவில் வைத்திருங்கள். கொழும்பில் அது வேறு உடை போட்டுக்கொண்டு வரப்போகிறது.

மொழியிலும் இதே கலப்பு நடந்தது. 1970களில் மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித், அதன் சொற்கள் போர்த்துக்கீசமாக இருக்க, வாக்கியம் தமிழைப் போல வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து முடிவதைக் காட்டினார். சுற்றிலும் தமிழ் கேட்டு வளர்ந்த வாய் அப்படித்தான் பேசும். அந்த வாய் பாடிய பாட்டில் மட்டக்களப்பின் மண் ஏறாமல் இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு.

*

ஆங்கிலேயர் வந்தார்கள். குழு புதுப் பாணி ஒன்றைக் கற்றுக்கொண்டது. வந்தவர்களில் முதலில் வாவிக்கரைக்குக் குரல் கொடுத்தவர் ஒரு போதகர்.

1814இல் வெஸ்லியன் சபையின் வில்லியம் ஓல்ட் தனி ஆளாக மட்டக்களப்பு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அந்த ஆண்டில் வைத்துத்தான் எண்ணுகிறது. ஓர் ஆண்டு முடியும் முன்பே, 1815இல், அவர் இங்கேயே இறந்தார். இலங்கையில் அவருடைய சபையார் ஒன்றை விரைவில் கண்டுகொண்டார்கள்: பறங்கியரின் மனத்தைத் தொட ஆங்கிலம் போதாது, கிரியோல் வேண்டும். ரொபர்ட் நியூஸ்டெட் 1826இல் புதிய ஏற்பாட்டை இலங்கைப் போர்த்துக்கீசத்தில் வெளியிட்டார். கலியாணத்திலும் கேலியிலும் மட்டுமே ஒலித்த மொழிக்கு அச்சு மரியாதை கிடைத்தது.

போதகர்கள் வேதத்தைத் தந்தார்கள் என்றால், துரைமார் நடனத்தைத் தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் மண்டபங்களைப் பிடித்து ஆட்டியது லான்சர்ஸ். நாலு சோடி சதுரமாக நின்று ஐந்து கட்டமாக ஆடும் கூட்டு நடனம். மட்டக்களப்புப் பறங்கியர் அதை எடுத்துத் தங்கள் கலியாணப் பந்தலுக்குள் வைத்துக்கொண்டார்கள். நடுவே நின்று ஒருவர் அடுத்த கட்டத்தை உரக்கக் கூவுவார். கைகள் கோக்கும், வளையம் உடையும், சோடி மாறும். கூத்துக் களரியில் அண்ணாவியாருக்கு உள்ள இடம் இங்கே கூவுபவருக்கு. இங்கிலாந்து காலப்போக்கில் லான்சர்ஸை மறந்தது. மட்டக்களப்பு மறக்கவில்லை.

குழுவின் குணம் இங்கே முழுதாகத் தெரிகிறது. புதியது வரும்போது பழையதை வீசிவிடவில்லை. ஒரே இரவில் லான்சர்ஸ் முடித்துக் கபிரிஞ்ஞாவுக்குப் போனார்கள். பட்டறையில் பகல் முழுதும் இரும்பும் மரமும் தட்டிய கைகள்தான் இரவில் வில் பிடித்தன. தச்சு, கொல்லு, அச்சுக்கூடம், சப்பாத்துத் தொழில் என்று கைவினையால் பிழைத்த இவர்களை, கொழும்பின் வசதி படைத்த ஒல்லாந்தப் பறங்கியர் தம்மிலும் தாழ்வாக எண்ணி ஒதுக்கினார்கள். பாட்டை ஒதுக்க முடியவில்லை.

அக்காலத்தில்தான் ஆங்கிலேய சிவில் அதிகாரி ஒருவர் தாளும் பேனாவுமாக இந்தப் பாட்டுகளின் பின்னால் அலைந்தார். பெயர் ஹியூ நெவில். கிழக்கிலும் பணியாற்றியவர். ஓலைச்சுவடி, நாட்டார் கதை, பூச்சி, நத்தை என்று கண்டதையெல்லாம் சேர்த்தவர். சேர்த்தவற்றில் ஒன்று, கிரியோல் போர்த்துக்கீச நாலடிப் பாட்டுகளின் கையெழுத்துப் பிரதி. ஏறத்தாழ ஆயிரம் பாட்டுகள். அதில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாட்டுகளுக்கென்று ஒரு பகுதி, காப்பிரியர் பாட்டுகளுக்கென்று ஒரு பகுதி.

1897இல் நெவில் இறந்தார். அவர் சேர்த்த ஏடுகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பிரதி இருப்பதே தெரியாது. ஆசியாவில் இந்த வகைப் பாட்டுகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய தொகுப்பு, யாரும் திறந்து பார்க்காமல் ஒரு நூலக அடுக்கில் கிடந்தது. அதை யார் திறந்தார்கள்? அதற்கு முன் கொழும்பு போய்வர வேண்டும்.

*

1940கள். கொழும்பில் ஒரு பொலிஸ்காரர் வேலை முடிந்ததும் பான்ஜோவைக் கையில் எடுப்பார். வொலி பஸ்தியன்ஸ். கபிரிஞ்ஞாவின் ஆறு தட்டை எடுத்தார், சிங்களச் சொற்களைப் போட்டார், இசைத்தட்டில் பாடினார். எதிரெதிர் நின்று நாலடி கட்டும் பழைய போட்டி, மேடையில் நடுவர் முன் நடக்கும் வாதப் பைலாவாக மாறியது. நினைவில் வைக்கச் சொன்னேனே, அதுதான் இது. இலங்கை அவரைப் பைலாவின் தந்தை என்கிறது. அந்தப் பட்டத்துக்கு அவர் முற்றிலும் உரியவர்.

அதன்பின் அலை மேல் அலை. 1960களில் கலிப்சோ குழுக்கள் கிற்றாரோடு வந்தன. 1970இல் மொறட்டுவையில் அன்ரன் பெரேரா தம் பிள்ளைகளை வைத்து ஜிப்சீஸ் குழுவைத் தொடங்கினார். ஆங்கிலப் பாட்டுகளை வாசித்துத் தொடங்கிய அந்தக் குழு சிங்களப் பொப்புக்கு வந்தது, பைலாவுக்கு வந்தது, பின்னர் அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லாமல் தோலுரிக்கும் பாட்டுகளுக்கு வந்தது. மகன் சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் மறையும் வரை அதன் குரலாக இருந்தார். ஐம்பது ஆண்டு ஒரு குழு நிலைத்து, பாணி பாணியாக மாறியும் அடியில் ஆறு தட்டை விடாமல் வைத்திருந்தது. வாவிக்கரைக் குழு நூற்றாண்டுகளில் செய்ததை ஜிப்சீஸ் ஒரே தலைமுறையில் செய்துகாட்டியது.

கடலுக்கு அப்பாலும் இதுவே நடந்தது. ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் தூகு என்னும் ஊரில் போர்த்துக்கீசம் பேசிய சமூகம் ஒன்று காப்பாற்றிய இசை குரொன்சோங். அது இந்தோனேசிய மொழிக்கு மாறி, 1940இல் கெசாங் இயற்றிய ‘பெங்காவான் சோலோ’ பாட்டோடு அந்த நாட்டின் இதயத்தில் ஏறி உட்கார்ந்தது. மலாக்காவின் போர்த்துக்கேயக் குடியிருப்பில் ‘ஜிங்க்லி நோனா’ பாடாத விருந்து இல்லை. அதே பாட்டின் உடன்பிறப்பு இலங்கைப் பறங்கியரிடமும் இருக்கிறது. இந்தோனேசியாவில் குரொன்சோங்கின் கதையைத் தொடங்குபவர்கள் தூகுவின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறார்கள்.

இலங்கையில்? பைலாவின் வரலாற்றைச் சொல்பவர்கள் புத்தளத்தைச் சொல்கிறார்கள், மொறட்டுவையைச் சொல்கிறார்கள், கொழும்பைச் சொல்கிறார்கள். மட்டக்களப்பு பெரும்பாலும் ஒரு அடிக்குறிப்பு. இது நியாயமில்லை. வொலி பஸ்தியன்ஸ் பைலாவுக்குப் புது உடை தைத்த நாளில், அந்த உடைக்குள் இருந்த உடம்பு மூல மொழியிலேயே பாடி ஆடிக்கொண்டிருந்த இடம் மட்டக்களப்பு. தமிழ் பேசும் ஊரில் தமிழ் அறிந்த பறங்கியர் காத்த இசை என்பதால், சிங்கள வரலாறு அதைத் தூரமாகப் பார்த்தது. தமிழ் வரலாறோ அது நம்முடையது அல்ல என்று விட்டுவிட்டது. இரண்டு பக்கத்துக் குற்றத்தில் நம் பக்கத்துக் குற்றமே எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால் அடுத்த திருப்பம் தமிழிலேயே நடந்தது, அதுவும் கிழக்கிலேயே.

*

1960களின் பிற்பகுதி. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கிற்றாரோடு மாணவர் மேடையில் ஏறினார். நித்தி கனகரத்தினம். பைலாத் தாளத்தில் தமிழ்ச் சொற்கள். அதுவும் அச்சடித்த தமிழ் அல்ல, வீட்டு முற்றத்துத் தமிழ். ‘சின்ன மாமியே’ இலங்கையின் மூலைமுடுக்கெல்லாம் போனது. அடுத்து ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்தார், அந்தப் பாட்டு பாக்குநீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளிலும் திரைப்படத்திலும் புகுந்தது. சிலோன் மனோகர் என்றே அங்கே அவரை அழைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இலங்கை வானொலி இந்தப் பாட்டுகளுக்குப் பொப்பிசை என்று தனி நேரமே ஒதுக்கியது.

சென்னைக் கலியாண வீட்டில் ‘சுராங்கனி’க்கு ஆடியவருக்கு, தம் கால் அறியாமல் பிடித்த தாளம் காப்பிரியரின் கையிலும் பறங்கியரின் றபானிலும் நூற்றாண்டுகள் உருண்டு வந்தது என்று யார் சொன்னார்கள்? 1638இல் மட்டக்களப்பிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போன கப்பல் சனங்களை ஏற்றிக்கொண்டு போனது. தாளம் அதே திசைக்குப் போய்ச்சேர இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

வாவிக்கரைக் குழுவும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். வீட்டிலும் தமிழ் நுழைந்தது. பாட்டியோடு கிரியோல், பள்ளியில் தமிழ், மேடையில் எல்லாம் என்று ஆயிற்று.

*

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலத்தை நம்பி வாழ்ந்த ஒல்லாந்தப் பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அந்நாள் அவுஸ்திரேலியா ஐரோப்பிய வம்சத்துக்குச் சான்று கேட்டது. கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் குடும்ப வம்சாவளிகளைத் தேடித் தேடி அச்சிட்டு வைத்திருந்தது. சான்று தயாராக இருந்தது. மட்டக்களப்புக் கொல்லருக்கும் தச்சருக்கும் எந்தச் சங்கம் வம்சாவளி அச்சிட்டது? பெரும்பாலானோர் இங்கேயே இருந்தார்கள். அவர்கள் இருந்ததால் பாட்டும் இருந்தது. ஒரு சமூகத்துக்கு இழைத்த அநீதியே அதன் இசையைக் காத்தது என்று எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் நடந்தது அதுதான்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. தென்னைகள் வரிசை வரிசையாக விழுந்தன, கூரைகள் பறந்தன. அதைத் தாங்கி எழுவதற்குள் போர் வந்தது. விடிய விடிய ஆடும் கலியாணங்களை நம்பி வாழும் ஓர் இசைக்கு ஊரடங்குச் சட்டம் எவ்வளவு பெரிய எதிரி என்பதைக் கிழக்கில் அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. முன்பு போக முடியாதவர்களிலும் பலர் இப்போது போனார்கள். வயலின் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரை விட்டால், அவருடைய இடத்துக்கு இன்னொருவர் உடனே கிடைப்பதில்லை.

அந்த நேரத்தில்தான் லண்டன் நூலக அடுக்கில் கிடந்த கையெழுத்துப் பிரதி வெளியே வந்தது.

திறந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன். போர்த்துக்கீச இலக்கியம் கற்பிப்பவர். இலங்கைக்கு வந்து மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் புத்தளத்திலும் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தவர். நெவிலின் பிரதியைப் பதிப்பித்து 1990இல் நூலாக வெளியிட்டார். ஏட்டில் உறைந்திருந்த நாலடிகளின் உறவுகள் உயிருள்ள வாய்களில் இன்னும் உலவின. 1998இல் லிஸ்பனில் உலகக் கண்காட்சி நடந்தபோது, போர்த்துக்கேயர் சென்ற வழியெங்கும் பிறந்த இசையைத் தொகுத்து இசைத்தட்டு வரிசை ஒன்று வெளிவந்தது. அதில் இலங்கைக்கென்று ஒரு தட்டு. பறங்கியரின் கபிரிஞ்ஞா, ஏறத்தாழ முந்நூற்றறுபது ஆண்டு கழித்துப் போர்த்துக்கல் தலைநகரின் காதுக்குப் போனது.

லிஸ்பன் கேட்டது. சென்னை ஆடியது. மட்டக்களப்புத் தமிழர் நாம் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்? உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய பறங்கியர் கலியாணத்து ஒலிநாடாவோ வீடியோவோ கிடந்தால், தூசி தட்டிப் பிரதி எடுத்து வையுங்கள். அந்தக் குடும்பங்களிடமும் கொடுங்கள். ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறேன் என்பது அடுத்த வாரம் விளங்கும்.

புத்தாயிரம் பிறந்தபோது மட்டக்களப்புப் பறங்கியரில் பல குடும்பங்கள் டச்பாரில் குடியிருந்தன. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவே மணல். வயலின்களும் றபான்களும், கிரியோலில் பாடத் தெரிந்த முதியவர்களும் அந்த மணல் திட்டில்தான் இருந்தார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்திருந்தது. இரவுகள் மீண்டும் பாட்டுக்குக் கிடைத்திருந்தன. 2004ஆம் ஆண்டின் நத்தார் சனிக்கிழமை வந்தது.

மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணிக்கு முன் கடல் டச்பாருக்குள் நுழைந்தது.

(தொடரும்)